கைக்கருவியின் காம்பும் உழைப்பாளியின் கையும்

ஒரு நாட்டின் பொருளாதார வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது அணைகள், ஆலைகள், மின் நிலையங்கள் ஆகியவற்றையே நாம் முதலில் எண்ணுகிறோம். ஆயினும், கோடிக்கணக்கான மக்கள் நாள்தோறும் கையில் ஏந்தும் மண்வெட்டி, களைக்கொத்தி, அரிவாள், கடப்பாரை ஆகியவையும் மூலதனக் கருவிகளே. இவற்றின் இரும்புப் பகுதியைப் பற்றி ஓரளவு சிந்தித்த நாம், கை பற்றும் காம்பைப் பற்றி மிகக் குறைவாகவே சிந்தித்துள்ளோம். இக்குறையின் விலை என்ன, அதை எவ்வாறு களையலாம் என்பதைக் கோலார் தங்கவயலை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தங்கவயல் தரும் பின்னணி

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் அன்ட் சன்ஸ் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கியது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி நீர்மின்சாரம் இவ்வயலுக்கு வந்து சேர்ந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கியது. வட ஆர்க்காடு, சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களே இவ்வுழைப்பின் பெரும்பகுதியைத் தந்தனர். 1956இல் மைசூர் அரசின் உடைமையாகி, 1962இல் மத்திய அரசிடம் வந்து, 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனமாக உருப்பெற்ற இச்சுரங்கங்கள், 2001இல் மூடப்பட்டன.

இவ்வரலாற்றில் நம் பொருளுக்குத் தொடர்பான பாடம் ஒன்று உண்டு. பாறைத் தூளால் நுரையீரல் கெடும் சிலிக்கோசிஸ் நோய் இவ்வயலில் நெடுங்காலம் இருந்தும், 1940இல்தான் மைசூர் அரசு அதற்கு இழப்பீட்டு விதிகளை வகுத்தது. கண்ணுக்குத் தெரியாத தீங்கு கணக்கில் ஏறுவதற்கு அத்தனை காலம் பிடித்தது. மணிக்கட்டு வலி, விரல் மரத்தல், முதுகு வளைவு ஆகியவை இன்றும் பெரும்பாலும் கணக்கில் ஏறாத தீங்குகளே. கருவி வாங்குபவர் காம்பில் சில ரூபாய் மிச்சப்படுத்துகிறார். அம்மிச்சத்தின் செலவை உழைப்பவரின் உடல் ஏற்கிறது. எந்தப் பேரேட்டிலும் இச்செலவு பதியப்படுவதில்லை.

பணிச்சூழலியல் என்றால் என்ன?

மனிதனை வேலைக்கு ஏற்ப வளைப்பதற்கு மாறாக, வேலையையும் கருவியையும் மனிதனுக்கு ஏற்ப அமைக்கும் அறிவியலே பணிச்சூழலியல் ஆகும். 1949இல் இங்கிலாந்தில் முரெல் என்பவர் இதற்கு 'எர்கோனாமிக்ஸ்' என்னும் பெயரை வழக்கில் கொணர்ந்தார். 1956இல் நேப்பியர் என்னும் மருத்துவ அறிஞர், கையின் பிடியை ஆற்றல் பிடி, நுண்பிடி என இரண்டாகப் பகுத்துக் காட்டினார். மண்வெட்டியைப் பற்றுவது ஆற்றல் பிடி. நாற்றை விரல் நுனியால் நடுவது நுண்பிடி. ஆற்றல் பிடிக்கு உரிய கருவிக்கு நுண்பிடிக்கான மெல்லிய காம்பைப் பொருத்துவதே பல துன்பங்களுக்குத் தோற்றுவாய்.

நல்ல காம்பின் இலக்கணம்

முதலாவது, பருமன். ஆற்றல் பிடிக்குரிய காம்பின் விட்டம் ஏறத்தாழ 32 முதல் 50 மில்லி மீட்டர் வரை இருக்கலாம் என்பது பொதுவான பரிந்துரை. கையின் நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு என்பது எளிய கணக்கு. 165 மி.மீ. நீளமுள்ள கைக்கு 33 மி.மீ., 180 மி.மீ. நீளமுள்ள கைக்கு 36 மி.மீ. பொருந்தும். மிக மெல்லிய காம்பை இறுகப் பற்ற வேண்டியிருப்பதால் தசை விரைவில் சோர்கிறது. மிகப் பருத்த காம்பை விரல்கள் வளைத்துப் பிடிக்க இயலாது.

இரண்டாவது, பிடியின் நீளம். களைக்கொத்தி போன்ற சிறு கருவிகளில் பிடி 10 முதல் 15 சென்டி மீட்டர் வரை இருத்தல் வேண்டும். அதனினும் குறுகினால் காம்பின் நுனி உள்ளங்கையின் நடுவில் அழுந்தி, அங்குள்ள நரம்புகளையும் இரத்தக் குழாய்களையும் நெருக்கும்.

மூன்றாவது, கோணம். மணிக்கட்டு நேராக இருக்கும்போதே பிடியின் வலிமை மிகுதி. ஆகவே வளைய வேண்டுவது கருவியே அன்றி மணிக்கட்டு அன்று.

நான்காவது, மேற்பரப்பு. விரல்களுக்கெனப் பள்ளம் வெட்டிய காம்பு பார்வைக்கு அழகானது. ஆனால் ஒருவர் விரலுக்கு ஏற்ற பள்ளம் மற்றவர் விரலுக்கு முகடாகிவிடும். பலர் கைமாறும் கருவிக்குச் சமமான, வழுக்காத, சிம்பு எழாத பரப்பே சிறந்தது. கருவேல மரம் காம்புக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. மரத்தின் இழை காம்பின் நீளவாக்கில் ஓடினால்தான் அது எளிதில் முறியாது. மரக் காம்புகளுக்கென இந்தியத் தர நிர்ணயம் உண்டு. கொள்முதல் செய்வோர் அதனை ஆணையில் குறிப்பிடலாம்.

கிளை வெட்டும் கத்தரி போன்ற இருபிடிக் கருவிகளில், பிடிகளுக்கு இடையிலுள்ள அகலம் மூடிய நிலையில் 50 மி.மீ.க்குக் குறையாமலும், திறந்த நிலையில் 90 மி.மீ.க்கு மிகாமலும் இருத்தல் நலம்.

குட்டைக் காம்பின் கதை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பண்ணைத் தொழிலாளர்கள் மிகக் குட்டையான காம்புடைய கொத்தியால் நாள் முழுதும் குனிந்து வேலை செய்தனர். முதுகெலும்பு பாதிக்கப்பட்ட அத்தொழிலாளர்களின் நெடிய போராட்டத்துக்குப் பின், 1975இல் அக்கருவி அங்குத் தடை செய்யப்பட்டது. பயிருக்கு அருகிலிருந்து வெட்டினால்தான் துல்லியம் கிட்டும் என்னும் உரிமையாளர் வாதம் நிலைக்கவில்லை.

எனினும், எல்லாக் காம்புகளையும் நீட்டிவிடுவது தீர்வாகாது. நம் நாட்டில் மண்வெட்டியால் வெட்டுபவரே மண்ணை இழுத்துச் சட்டியில் அள்ளவும் செய்கிறார். அவ்வேலைக்கு மிக நீண்ட காம்பு இடையூறாகும். எனவே வேலையைப் பகுத்தறிந்து காம்பைத் தீர்மானிக்க வேண்டும்.

பெண்களின் கை

ஊரக வேலை உறுதித் திட்டப் பணிகளில் பெண்களே பாதிக்கு மேற்பட்டோராக இருந்துள்ளனர். காய்கறிக்குப் பெயர்பெற்ற கோலார் மாவட்ட வயல்களிலும் களையெடுப்பது பெரும்பாலும் அவர்களே. பெண்களின் சராசரிப் பிடிவலிமை ஆண்களுடையதில் ஏறத்தாழ பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரையே. ஆண் கைக்கு அமைந்த கருவியை அவர்களிடம் தந்துவிட்டு, விளைவு குறைந்தது எனக் கூலியைக் குறைப்பது பொருளாதார நியாயமும் ஆகாது.

1976இல் தோன்றிய போபால் மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம், கோவை வேளாண் பல்கலைக்கழகம் முதலியவற்றின் ஒத்துழைப்புடன், இந்திய வேளாண் தொழிலாளர்களின் 79 உடலளவுகளைத் திரட்டி 2009இல் வெளியிட்டது. அளவுகள் நம்மிடம் உள்ளன. அவை கொல்லன் பட்டறையையும் தச்சன் பட்டறையையும் எட்டுவதே எஞ்சியுள்ளது.

செய்ய வேண்டுவன

இதற்குத் தங்கவயல் பொருத்தமான இடம். 1964இல் உருவான பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் ஆலை இங்கு உள்ளது. மண் அள்ளும் பேரியந்திரத்தை இயக்குபவரின் இருக்கையும் நெம்புகோலும் அளந்து அமைக்கப்படுகின்றன. அதே மண்ணைக் கையால் அள்ளுபவரின் காம்பு அளக்கப்படுவதில்லை. சுரங்கப் பட்டறைகளில் கைதேர்ந்தோரின் வழிவந்த இளைஞர் பலர் இன்று கூலி வேலைக்காக நாள்தோறும் பெங்களூருக்கு இரயிலேறுகின்றனர். அவர்களைக் கொண்டு காம்பு செய்யும் கூட்டுறவுப் பட்டறை ஒன்றை அமைக்க இயலும், பெருமூலதனம் வேண்டியதில்லை.

அதிகாரிகள் மூன்று பணிகளை மேற்கொள்ளலாம்: கருவி கொள்முதல் ஆணையில் இரும்பின் எடையுடன் காம்பின் விட்டம், நீளம், மரவகை ஆகியவற்றையும் குறித்தல், குறைந்தது இரண்டு அளவுகளில் காம்புகளைப் பெறுதல், வாங்குமுன் ஆண்களும் பெண்களும் அரைநாள் பயன்படுத்திக் கருத்துரைக்கச் செய்தல். மாணவர்கள் தம் ஊரில் இருபது பேரின் கை நீளத்தையும் அவர்கள் கருவிக் காம்பின் விட்டத்தையும் அளந்து ஒப்பிட்டால், இக்கட்டுரையின் கருத்தைத் தாமே சோதித்தறியலாம்.

மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் நாட்டுக்குப் பொன் தந்த கைகள், தம் காய்ப்பைத் தவிர வேறெதையும் சேமிக்கவில்லை. அவர்களின் பேரர்களுக்காவது கைக்கு இசைந்த காம்பைத் தருவது திட்டமிடுவோர் கடமையாகும்.