டார்ச் வாங்கும் முன் கூரையைப் பாருங்கள்

டார்ச் லைட் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, "எவ்வளவு தூரம் அடிக்கும்?" என்பதுதான். எங்கள் வீட்டிலும் அப்படிக் கேட்டுத்தான் வாங்கினார்கள். 'வாங்கினார்கள்' என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். நான் எழுதிக் கொடுத்த சீட்டில் டார்ச்சுக்குப் பக்கத்தில் 'வெள்ளை மூடியோடு' என்று இருந்தது. முகப்பில் மாட்டுகிற பால்நிறப் பிளாஸ்டிக் மூடி, டிஃப்யூசர் என்பார்கள்.

"அது எதுக்கு அண்ணி, ஃபீடிங் பாட்டில் மூடி மாதிரி? வெளிச்சத்தைக் காசு குடுத்துக் குறைப்பாங்களா?" என்று கொழுந்தனார் சிரித்தார். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். அட்டையில் 200 மீட்டர் என்று போட்டிருந்த, உள்ளங்கையில் அடங்குகிற டார்ச் வந்தது. மூடி வரவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையேறியது. பேராவூரணி பக்கம் எங்கள் தோப்பில் எத்தனை தென்னை போனது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் கணக்கு எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. கரண்டு வர வாரக்கணக்கானது. எங்களுடையது ஓட்டு வீடு.

மாமியாருக்குக் காலையும் இரவும் இன்சுலின். பேனா மாதிரி வருகிறதே, அது இல்லை. மருந்துக் குப்பியும் 40 யூனிட் ஊசியும்தான். யூனிட்டுக்கு ஒன்றாக மெல்லிய கறுப்புக் கோடு போட்டிருக்கும். குப்பியை ஒரு கையால் கவிழ்த்துப் பிடித்து, மறு கையால் ஊசியின் தண்டை இழுக்க வேண்டும். இரண்டு கையும் அதிலேயே போய்விடும். முதலில் கொழுந்தனார்தான் டார்ச்சைப் பிடித்தார். நடுவட்ட வெளிச்சம் ஊசிக்குழலின் பளபளப்பில் பட்டு அப்படியே என் கண்ணுக்குத் திரும்பியது. கோடு ஒன்றுகூடத் தெரியவில்லை. "தள்ளிப் பிடிங்க" என்றால் என் கை நிழலே ஊசிமேல் கறுப்பாக விழுந்தது. அதற்குள் வெளியே யாரோ கூப்பிட, டார்ச்சை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நிமிர்த்தி வைக்கலாமென்றால் அது நிற்காது. அடிப்பக்கம் சுவிட்சு துருத்திக்கொண்டிருந்தது. படுக்க வைத்தால் எதிர்ச் சுவரில் ஒரு வட்டம், மற்ற இடமெல்லாம் இருட்டு. பல்லில் கடித்துக்கொண்டேன். தலை கொஞ்சம் அசைந்தாலும் வெளிச்சம் ஓடிவிடுகிறது. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்த அலுமினிய உடம்பு சூடேறி உதட்டைச் சுட்டது. வாய் தானாகத் திறந்தது. டார்ச் விழுந்து குப்பியைத் தட்டி, குப்பி சிமெண்டுத் தரையில் உடைந்தது. வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

அத்தை அன்றிரவு ஊசி இல்லாமல் படுத்தார். மறுநாள் என் வீட்டுக்காரர் விழுந்த மரங்களுக்கு மேலே பைக்கைத் தூக்கியும் தள்ளியும் பட்டுக்கோட்டை வரை போய்ப் புதுக் குப்பி வாங்கி வந்தார். அத்தனைக்கும் பிறகு எல்லோரும் என்னிடம் கேட்டது, "அதை ஏன் வாயில வச்ச?" என்பதுதான்.

குவிந்த வெளிச்சத்துக்கு எப்போதும் பிடிக்க ஒரு கை வேண்டும். அதனால்தான் வைத்தேன். மூடி போட்டிருந்தால் வெளிச்சம் நாலாபக்கமும் பரவும். எங்காவது நிறுத்தி வைத்துவிட்டு இரண்டு கையாலும் வேலை பார்க்கலாம். வெளிச்சம் கிளம்புகிற பரப்பும் பெரிதாவதால் நிழல் கூர்மையாக விழாது, பளபளப்பும் அடங்கும். வெளிச்சம் குறையும் என்று கொழுந்தனார் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மூடி கொஞ்சத்தை விழுங்கும், தூரம் அடியோடு போய்விடும். ஆனால் ஊசிபோட எதற்குத் தூரம்?

அட்டையில் இருக்கிற 200 மீட்டருக்கு என்ன அர்த்தம் என்று பிறகு உட்கார்ந்து படித்தேன். அவ்வளவு தூரத்தில் 0.25 லக்ஸ் விழும். ஏறக்குறைய பௌர்ணமி வெளிச்சம், அவ்வளவுதான். தூரத்தைப் பாதியாக்கி, அதை அதனாலேயே பெருக்கினால் நடுவட்டத்தின் கேண்டலா கணக்கு வந்துவிடும்: 100 × 100, அதாவது 10,000. அதே டார்ச்சை ஒரு மீட்டரில் பிடித்தால் 10,000 லக்ஸ். புத்தகம் படிக்க 300, 500 லக்ஸ் போதும். கோடு ஏன் தெரியவில்லை என்பது இப்போது புரிகிறதா? குறைத்து எரிய வைக்கும் வசதி இருந்தால் கண்கூச்சம் குறையும், ஆனால் வட்டம் வட்டமாகத்தான் இருக்கும்.

ஆகவே மூடி வேண்டுமா என்று முடிவு செய்ய முதலில் உங்கள் வீட்டுக் கூரையை அண்ணாந்து பாருங்கள். தளம் போட்டு வெள்ளையடித்த வீடென்றால் மூடியே தேவையில்லை. டார்ச்சை மேல்நோக்கி நிறுத்தினால், வெள்ளைத் தளம் விழுந்த வெளிச்சத்தில் பெரும்பங்கை அறை முழுக்கத் திருப்பிவிடும். ஓடும் கீற்றும் அப்படிச் செய்யாது. எங்கள் வீட்டில் அடுப்புப் புகை ஏறிக் கறுத்த ஓடு, வெளிச்சத்தை அப்படியே குடித்துவிட்டது. நீங்களும் ஓட்டு வீட்டில்தான் இருப்பீர்கள், வீட்டில் ஊசிபோட ஒருவர் இருப்பார் என்று வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்: மூடியோடு வாங்குங்கள்.

கடையிலேயே டார்ச்சை மேசைமேல் குத்திட்டு நிற்க வைத்துப் பாருங்கள். அடிப்பாகம் தட்டையாக இல்லையென்றால் மூடி வாங்கியும் பாதிப் பயன்தான். மூடி போட்ட டார்ச்சைக் கண்ணுக்கு நேர் உயரத்தில் வைக்காதீர்கள், கூசும். அலமாரி மேல் வைக்கலாம். பேட்டரி விஷயத்தில் ஊர்ப் பெட்டிக்கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரி போடுகிற டார்ச்தான் புயல் காலத்துக்கு உதவும்.

முகப்பை முன்னும் பின்னும் இழுக்கிற ஜூம் டார்ச்சைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். விரித்து வைத்தால் சமமான பெரிய வட்டம் கிடைக்கும், ஆனாலும் அது ஒரு பக்கம் பார்த்த வட்டம்தான். மலிவானவற்றில் அந்த இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் இறங்கும். எனக்குச் சரிப்பட்டது, பாத்ரூம் ஜன்னலில் ஒட்டுகிற பனிக்கண்ணாடி ஸ்டிக்கர். காசளவுக்கு வட்டமாக வெட்டி டார்ச் கண்ணாடியில் ஒட்டினால் நடுவட்டம் கலைந்து பரவிவிடும், விழுங்குவதும் குறைவு. பால் பாக்கெட் கவரைச் சுற்றிக் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சின்ன டார்ச்சில் மங்கலாக எரியவிட்டால் ஓடும். முழு வெளிச்சத்தில் கவர் உருகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

தோப்புக்குப் போகும்போது மூடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். மர உச்சியில் ஒடிந்து தொங்குகிற மட்டையைப் பார்க்கக் குவிந்த வெளிச்சம்தான் வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய டார்ச்சை அங்கே கொண்டுபோகாதீர்கள், அது வீட்டு டார்ச்.

கொழுந்தனார் இப்போது தளம் போட்ட வீடு கட்டிவிட்டார். அடி தட்டையான புது டார்ச்சைக் கூடத்தில் நிமிர்த்தி வைத்து, "பாத்தீங்களா அண்ணி, மூடி வேணாம்னு அன்னைக்கே சொன்னேன்ல?" என்கிறார். அன்னைக்கு நாம இருந்தது ஓட்டு வீடு, தம்பி.