கரிசலில் மண்வீடு: வானம் முதல் கூரை வரை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்தில் தாத்தா காலத்து மண்வீட்டை இடிப்பதா, எடுத்துக் கட்டுவதா என்று குழம்புகிறவர்கள் பலர். எடுத்துக் கட்டுங்கள் என்பதே என் பதில். தகரம் கொதிக்கிற கோடையிலும் ஒன்றேகால் அடி மண்சுவருக்குள் வெக்கை சீக்கிரம் இறங்காது. ஆனால் கரிசலின் குணம் அறிந்து கட்ட வேண்டும்.

கரிசல் மண் மழையில் உப்பும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். சுவர் விரிசல் பெரும்பாலும் இந்த அசைவில்தான் தொடங்குகிறது. அதனால் வெடிப்பு முடிந்து, சுக்கானோ சரளையோ தட்டுப்படும்வரை வானம் தோண்டுங்கள். அஸ்திவாரக் கல்கட்டின் இருபுறமும் தோண்டிய கரிசலையே தள்ளி மூடாமல், மணலும் சரளையும் போட்டு இறுக்குங்கள். கரிசல் மிக ஆழமாக இருந்தால், ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அடி விரிந்த தூண் அஸ்திவாரம் உதவும். அதைப் பொறியாளரை வைத்தே போட வேண்டும்.

சுவருக்குச் செவல் மண்ணே ஏற்றது. கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒரு நாள் அசையாமல் வையுங்கள். மணல் அடியில் தங்கும். களி மேலே படியும். களி ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால் நல்ல மண். களி கூடினால் மணல் சேருங்கள். வரகு வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதித்து, ஊறவிட்டுச் சுவர் வையுங்கள். ஒரு படை இறுகிய பிறகே அடுத்த படை.

மண்கட்டடங்களுக்கான இந்தியத் தரவிதி (13827, ஆண்டு 1993) சுவரின் உயரம் கனத்தைப்போல் 8 மடங்கைத் தாண்டக்கூடாது என்கிறது. 15 அங்குலச் சுவரென்றால் 10 அடிதான் எல்லை. கதவு, ஜன்னல் திறப்பின் அகலம் 1.2 மீட்டருக்குள் இருக்கட்டும்.

மண்வீட்டுக்கு முதல் எதிரி தண்ணீர். தரைமட்டத்திலிருந்து ஒன்றரை அடிக்குக் கல்கட்டு வையுங்கள். பனங்கை போட்ட கூரையின் இறவாணத்தை இரண்டடி நீட்டுங்கள். குளிக்கிற தண்ணீர் சுவரோரம் தேங்கினால் அந்தப் பக்கத்துக் கரிசல் மட்டும் உப்பி, சுவரைப் பிளந்துவிடும். சிமெண்டுப் பூச்சு வேண்டவே வேண்டாம். அது ஈரத்தை உள்ளேயே அடைத்து, பாளம் பாளமாகக் கழன்று விழும். சுண்ணாம்பு பூசுங்கள், அல்லது மண்ணும் சாணமும் குழைத்து மெழுகுங்கள். வேலையைத் தையில் தொடங்கினால் ஐப்பசி மழைக்குள் சுவர் காய்ந்துவிடும்.

அரசு வீட்டுத் திட்டப் பணத்தில் கட்டுவதாக இருந்தால், சுவருக்கும் கூரைக்கும் என்ன விதி என்று ஒன்றிய அலுவலகத்தில் முதலிலேயே கேளுங்கள்.

மண்வீடு பலமற்றது என்று நினைக்க வேண்டாம். 2001 நிலநடுக்கத்தில் கட்ச் பகுதியில் ‘பூங்கா’ என்று அழைக்கப்படும் வட்ட மண்வீடுகள் பல தாக்குப்பிடித்தன. பிறகு அதே வடிவில், மேம்பட்ட மண்கற்களால் புது வீடுகளும் எழுந்தன. அந்த மக்களிடம் மிச்சமிருந்த பழைய கைப்பழக்கம் அதற்கு உதவியது. உங்கள் ஊரிலும் மண்சுவர் வைக்கத் தெரிந்த பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு உரிய கூலி கொடுத்து வேலையில் வையுங்கள். கூடவே இளைஞர் இருவரையும் சேருங்கள். வீட்டோடு அந்தத் தொழிலும் ஊரில் நிலைக்கட்டும்.