பதவிக்குப் பின்னும் நின்ற புகழ்

பதவி உள்ளவரை மாலைகள் வரும்; பதவி போனால் வாசல் வெறிச்சோடும். இஃது உலக வழக்கு. இதற்கு விலக்கானோர் சிலரே. ஆப்பிரிக்காவில், 1985-இல் தாமாகவே தான்சானியாவின் அதிபர் பதவியை விட்டு விலகிய ஜூலியஸ் நைரேரே அவர்களுள் ஒருவர். முன்னாள் பள்ளி ஆசிரியரான அவரை மக்கள் கடைசிவரை 'ம்வாலிமு', அதாவது 'ஆசிரியர்' என்றே அழைத்தனர். நம் நாட்டில் அத்தகைய பேறு பெற்றவர் டாக்டர் அப்துல் கலாம். 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவராக இருந்த அவரது புகழ், பதவிக்குப் பின் தேயவில்லை. காரணம் யாது?

கலாம் 1931 அக்டோபர் 15 அன்று இராமேசுவரத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே செய்தித்தாள் விநியோகித்துச் சம்பாதித்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியில் நம்மைப் போலவே பி.எஸ்ஸி. படித்தார். பின்னர்ச் சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தமக்கை சோகரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். தம் சொந்தச் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்பதாகத் தம்பி உறுதி பூண்டார்.

1979 ஆகஸ்ட் 10 அன்று, கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர் முன் அத்தோல்விக்குப் பொறுப்பேற்றவர் விண்வெளி ஆய்வு நிறுவனத் தலைவர் சதீஷ் தவான். மறு ஆண்டு ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் விண்ணில் நிலைபெற்றபோது, பேசும் வாய்ப்பை அவர் கலாமுக்கே அளித்தார். இதைக் கலாம் மேடைதோறும் சொல்லி வந்தார். வெற்றியை மட்டும் சொல்லித் தோல்வியை மறைப்போர் நடுவே இஃது அரிய குணம்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. கீரிப்பாறையில் ரப்பர் பால் வெட்டும் கூலியில், எங்கள் வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். விடுதிச் செலவுக்குப் போன அம்மாவின் கம்மல் இன்னும் அடகில் இருக்கிறது. சென்ற பருவத்தில் கணிதத் தாளில் தோற்றதை வீட்டில் மறைத்திருந்தேன். அந்த வாரமே ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "அடுத்த மட்டம் எழுதிக்கலாம் மக்ளே" என்றார். எழுதினேன், தேறினேன்.

பதவி முடிந்ததும் கலாம் ஓய்வை நாடவில்லை, மாணவரை நாடினார். 2015 ஜூலை 27 அன்று, 83-ஆம் வயதில், ஷில்லாங்கில் மாணவர் முன் பேசிக்கொண்டிருக்கையிலேயே சாய்ந்தார். பிறந்த மண்ணே அவரை ஏற்றுக்கொண்டது.

தம்மைத் தூக்கிவிட்ட கைகளை அவர் மறக்கவில்லை. பெற்ற கடனை நம் போன்ற மாணவரிடம் திருப்பிச் செலுத்தினார். பதவி தந்த புகழ் பதவியோடு போகும். இப்புகழ் போகாததன் காரணம் இதுவே. தோழர்களே, நமக்காகவும் எங்கோ ஒரு வளையல் அடகில் இருக்கிறது. அதை மீட்பதோடு நில்லாமல், நமக்குப் பின் வருவோருக்கும் கை கொடுப்போமாக!