தூரத்து நடுக்கமும் கேரி தீவின் களிமண்ணும்

நிலநடுக்கம் எழும் இடத்துக்கு அருகில் இருப்பதுதான் அதிகம் ஆடும் என்று நினைப்பது இயல்பு. அந்தக் கணக்குப்படி, சுமத்ராவில் பூமி நடுங்கினால் கோலாலம்பூரைவிட மலாக்கா நீரிணையோரம் இருக்கும் கேரி தீவுதான் அதிகம் குலுங்க வேண்டும். 2022 பிப்ரவரி 25 அன்று மேற்குச் சுமத்ராவின் பசாமான் வட்டாரத்தில், அளவு 6-ஐத் தாண்டிய நடுக்கம் ஏற்பட்டது. அங்கிருந்து கேரி தீவு சுமார் 330 கி.மீ., கோலாலம்பூர் சுமார் 370 கி.மீ. ஆனாலும் பதறிப்போய்ப் படியிறங்கியவர்கள் பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிவாசிகளே.

இதற்குக் காரணம் அலைவு நேரம். விறைப்பும் நிறையும் உள்ள எந்தப் பொருளும், தள்ளிவிட்டால், தனக்கே உரிய கால இடைவெளியில்தான் முன்னும் பின்னும் போய் வரும். கட்டடங்களுக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு மாடிக்கு 0.1 விநாடி. கேரி தீவின் செம்பனைத் தோட்டத்து ஒற்றைமாடி வீடு ஒருமுறை ஆடி முடிக்க 0.1 விநாடி போதும். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் 25 மாடிக் கட்டடத்துக்கு 2.5 விநாடி வேண்டும். வேகமாகத் துடிக்கும் அலைகளின் ஆற்றலைப் பாறை வழியிலேயே தின்றுவிடுகிறது. நீரிணையைத் தாண்டி வந்து சேர்வது மெதுவாக அசையும் அலைகள்தாம். சிறு வீடு அவற்றோடு நிலமும் தானுமாக ஒன்றாக நகர்ந்துவிடும். உயரக் கட்டடத்துக்கோ ஒவ்வொரு தள்ளலும் அதன் ஆட்டத்துக்குச் சரியான நேரத்தில் வந்து விழ, வீச்சு கூடிக்கொண்டே போகும். இதுதான் ஒத்ததிர்வு.

பெரிதாக ஆடினால் ஆட்டத்தின் நேரமும் மாறிவிடும் என்பது இன்னொரு நம்பிக்கை. ஊஞ்சலைப் பாருங்கள். 2 மீட்டர் கயிற்றில் தொங்கும் ஊஞ்சல், மெல்ல ஆடினாலும் சற்று வீசி ஆடினாலும் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.8 விநாடியே எடுக்கும். 45 பாகை வரை உயர்த்தி விட்டாலும் கூடுவது 4 விழுக்காடுதான். நிறையைக் கூட்டினாலும் நேரம் மாறாது. கட்டடத்தின் அலைவு நேரமும் எளிதில் மாறாது. நடுக்கத்துக்குப் பிறகு அது நீண்டிருந்தால் உள்ளே விரிசல் விழுந்து விறைப்பு குறைந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத சேதத்தை இப்படியும் கண்டுபிடிக்கிறார்கள்.

ஆடாத கட்டடமே உறுதியானது என்பதும் சரியன்று. 452 மீட்டர் உயரப் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் காற்றில் ஆடும்படியே கட்டப்பட்டவை. 41, 42-ஆம் மாடிகளை இணைக்கும் 58 மீட்டர் வான்பாலம் கோபுரங்களோடு இறுகப் பூட்டப்படவில்லை. இரண்டும் தனித்தனியே ஆடும் என்பதால், பாலத்தின் முனைகள் நழுவி இடம் கொடுக்கும்படி விடப்பட்டிருக்கின்றன.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தான நம்பிக்கை ஒன்று உண்டு: மென்மையான மண் அதிர்வை உள்வாங்கித் தணித்துவிடும் என்பது. நடப்பது நேர்மாறு. பாறையிலிருந்து களிமண்ணுக்குள் நுழையும் அலை வேகம் இழக்கிறது. அதே ஆற்றலைச் சுமக்க வேண்டியிருப்பதால் அதன் வீச்சு பெருகுகிறது. அடியில் உள்ள கடினமான அடுக்குக்கும் மேற்பரப்புக்கும் இடையே அது மோதி மோதித் திரும்புவதால் மண்ணுக்கே ஓர் அலைவு நேரம் அமைந்துவிடுகிறது. மண்ணின் ஆழத்தை நான்கால் பெருக்கி, அலையின் வேகத்தால் வகுத்தால் அது கிடைக்கும். 30 மீட்டர் ஆழம், விநாடிக்கு 150 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் 0.8 விநாடி, ஏறக்குறைய எட்டு மாடிக் கட்டடத்தின் அலைவு நேரம்.

1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரம் இதை உயிர்களைக் கொடுத்துக் கற்றது. நடுக்கம் எழுந்தது 350 கி.மீ.க்கு அப்பால். பழைய ஏரிப்படுகையின் களிமண் சுமார் 2 விநாடி அலைவு நேரம் கொண்டது. அங்கே மிகுதியாக நொறுங்கியவை நடுத்தர உயரக் கட்டடங்கள். தாழ்ந்த வீடுகள் பலவும், 44 மாடி லத்தீனோஅமெரிக்கானா கோபுரமும் தப்பி நின்றன.

லாங்காட் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே, அணைகரை கட்டிக் காக்கப்படும் கேரி தீவும் மென்களிமண் தரைதான். தோட்டத்து வீடுகளுக்குத் தூரத்து நடுக்கத்தால் பெரிய அச்சம் இல்லை. துறைமுகத் திட்டம் பேசப்படும் இந்தத் தீவில் நாளை நடுத்தர உயரக் கட்டடங்கள் எழும்போது நிலைமை அப்படியே இருக்காது. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கென மலேசியா 2017-இல் தேசிய இணைப்பு விதிகளை வெளியிட்டிருக்கிறது. தீவில் அடித்தளம் தோண்டுவதற்கு முன் மண்ணின் அலைவு நேரத்தை அளந்தே ஆக வேண்டும்.