மங்கும் ஹெட்லைட்: பழைய ஜீப் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் மகிந்திராவின் எம்.எம். 540, 1985இல் விற்பனைக்கு வந்த மாருதியின் ஜிப்சி போன்ற பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை இன்றும் பேணி ஓட்டுவோர் உள்ளனர். துறையூர் வழியாகப் பச்சைமலைக்கோ, எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கோ இவ்வண்டிகள் ஏறும்போது எஞ்சினும் கியரும் ஈடுகொடுத்தாலும், இருட்டியதும் முகப்பு விளக்கு கைவிட்டுவிடுகிறது என்பது பரவலான குறை. இக்குறைக்குச் சொல்லப்படும் பரிகாரங்களுள் பல, நோய் இருக்கும் இடத்தை விட்டு வேறிடத்தில் மருந்து தடவுபவை. பழைய ஜீப்பின் வெளிச்சம் பெரும்பாலும் விளக்கில் குறைவதில்லை. பேட்டரியிலிருந்து விளக்குக்கு வரும் வழியில்தான் குறைகிறது.

நம்பிக்கை: வாட் கூடிய பல்பு போட்டால் வெளிச்சம் அதே அளவுக்குக் கூடும்.

உண்மை: ஹாலஜன் பல்பின் ஒளி, அதன் முனைகளில் கிடைக்கும் மின்னழுத்தத்தை, அதாவது வோல்டேஜைப் பொறுத்தது, அதுவும் நேர்விகிதத்தில் அன்று, ஏறத்தாழ 3.4 மடி அடுக்கில் மாறுவது. ஆகவே மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஒளி சுமார் 30 சதவீதமும், 15 சதவீதம் குறைந்தால் 40 சதவீதத்திற்கு மேலும் குறைந்துவிடும். வழக்கமான எச்4 பல்பு ஹை பீமில் 60 வாட்டும் லோ பீமில் 55 வாட்டும் கொண்டது, 13.2 வோல்ட் கிடைக்கும்போது முறையே சுமார் 1650, 1000 லூமன் ஒளி தருவது. இரு பல்புகளும் ஹை பீமில் எரியும்போது ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்னோட்டம் ஓடுகிறது. பழைய ஒயரிங்கின் மொத்த மின்தடை 0.15 ஓம் என்று வைத்துக்கொண்டால், வழியிலேயே 1.5 வோல்ட் கரைகிறது. அதே ஒயரில் 100 வாட் பல்புகளைப் பொருத்தினால் மின்னோட்டம் 16 ஆம்பியரைத் தாண்டி, இழப்பும் 2.5 வோல்ட் அளவுக்கு உயர்கிறது. மூன்றில் இரு பங்கு கூடுதல் வாட்டுக்குக் கிடைக்கும் ஒளி லாபத்தில் பெரும்பகுதியை ஒயரே விழுங்கிவிட, அதனால் எழும் வெப்பம் பிளாஸ்டிக் ஹோல்டரை உருக்கி, சுவிட்சின் முனைகளைக் கருக்குகிறது.

நம்பிக்கை: ரிலே போட்டால் கரண்ட் கூடும்; அது பெரிய பல்புக்கு மட்டுமே தேவை.

உண்மை: ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் பெரு மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்த சுவிட்ச், அது எதையும் உற்பத்தி செய்வதில்லை. பழைய ஜீப்புகளில் விளக்குக்குரிய மின்னோட்டம் முழுவதும் பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து ஹை பீமையும் லோ பீமையும் மாற்றும் டிப்பர் சுவிட்சுக்குச் சென்று, பிறகே முகப்பை அடைகிறது. சில மாடல்களில் டிப்பர் சுவிட்ச் காலால் அழுத்தும்படி தரையிலேயே இருப்பதால், சேறும் மழைநீரும் முதலில் தாக்குவது அதைத்தான். ஒவ்வோர் இணைப்பிலும் படியும் பசுங்களிம்பும் தளர்ந்த முனையும் சிறிது சிறிதாக மின்னழுத்தத்தைப் பறிக்கின்றன. ரிலே பொருத்தினால் பழைய சுவிட்ச் ரிலேவை இயக்கும் வேலையை மட்டும் செய்ய, விளக்குக்கான மின்னோட்டம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடிமனான குறுகிய ஒயரில் நேராகச் செல்கிறது. ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலேக்களும், பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸும் அமைவது முறை. 60/55 வாட் பல்பை மாற்றாமலேயே வெளிச்சம் கண்கூடாக உயர்வது இந்த மாற்றத்தால்தான்.

நம்பிக்கை: வண்டி முழுக்க இரும்பு என்பதால் எர்த் தானாகவே கிடைக்கும்.

உண்மை: விளக்குக்குச் சென்ற மின்னோட்டம் பாடி வழியாகவே பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்ப வேண்டும், அத்திரும்பு வழியே எர்த் எனப்படுவது. புதிதாகப் பெயின்ட் அடித்து மெருகூட்டப்பட்ட ஜீப்பில் எர்த் போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் படிந்துவிடுவதால், பார்வைக்குப் புத்தம் புதிதாக நிற்கும் வண்டி முன்னைவிட மங்கலாக எரிவதும் உண்டு. இதைக் கண்டறிய எளிய சோதனை உள்ளது. எஞ்சினை ஓடவிட்டு, விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும் மறுமுனையை ஹோல்டரின் எர்த் பின்னிலும் வைத்தால், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டும் எதுவும் பழுதின் அடையாளம். பாசிட்டிவ் டெர்மினலுக்கும் பல்பின் எரியும் பின்னுக்கும் இடையே இதே அளவை எடுத்தால், வரும் வழியின் இழப்பும் தெரிந்துவிடும். போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடும்வரை தேய்த்து, பேட்டரியிலிருந்து தனி எர்த் ஒயர் கொண்டுவருவதற்கு ஆகும் செலவு ஒரு பல்பின் விலைக்குள் அடங்கும்.

நம்பிக்கை: மங்கிய டூமைத் துடைத்தால் பழைய பளபளப்பு திரும்பும்.

உண்மை: பட்டறைகளில் டூம் எனப்படும் ஏழு அங்குல வட்ட விளக்கின் உட்புறத்தில் ஒளியைத் திருப்பி அனுப்புவது ஒரு மைக்ரானைவிடவும் மெல்லிய அலுமினியப் படலம். ஈரம் புகுந்து அது கறுத்துவிட்டால், துணியாலோ பற்பசையாலோ தேய்ப்பது எஞ்சிய படலத்தையும் உரித்துவிடும். முகப்புக் கண்ணாடியின் வெளிப்புறத்தை மட்டுமே துடைக்கலாம். உட்புறம் கெட்டால் டூமையே மாற்ற வேண்டும். மாற்றும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இந்தியாவில் வண்டிகள் இடப்பக்கம் செல்வதால், இங்குள்ள விளக்கின் லோ பீம் வலப்புறம் தாழ்ந்தும் இடப்புறம் சற்றே மேலேறியும் விழுமாறு அமைக்கப்படுகிறது. பூச்சொரிதல் காலத்திலும் சித்திரைத் தேருக்கும் சமயபுரத்தை நோக்கி இரவில் நடக்கும் பக்தர்கள் சாலையோரத்தில் தென்படுவது இந்த இடப்புற ஏற்றத்தால்தான். அமெரிக்க, ஐரோப்பியச் சாலைகளுக்கான டூமைப் பொருத்தினால் அந்த ஏற்றம் வலப்புறம் மாறி, எதிரே வருபவரின் கண்ணில் நேராக விழும். ஐரோப்பிய விதிப்படி முத்திரையிடப்பட்ட டூம்களில், முன்னே நின்று பார்ப்பவரின் வலப்பக்கத்தை மட்டும் சுட்டும் அம்புக்குறி இருந்தால் அது நம் சாலைக்கு உரியது.

நம்பிக்கை: பழைய டூமில் எல்.இ.டி. பல்பு போட்டாலே போதும்.

உண்மை: எச்4 பல்பின் லோ பீம் இழைக்கு அடியில் சிறு கிண்ணம் போன்ற உலோகத் தடுப்பு உள்ளது, ஒளியின் மேல் எல்லையை வெட்டி நிறுத்துவது அதுவே. டூமின் வளைவு அந்த இழை இருக்கும் இடத்தையும் அதன் அளவையும் கணக்கிட்டு உருவாக்கப்பட்டது. எல்.இ.டி. பல்பின் ஒளிப்பரப்பு வடிவிலும் இடத்திலும் சற்று மாறினாலும் ஒளி சிதறி, வண்டிக்கு முன்னால் சில மீட்டருக்குத் தரை வெளுத்துத் தெரியும். அப்பிரகாசத்துக்குக் கண் பழகிவிடுவதால் தொலைவிலுள்ள மாடோ பள்ளமோ முன்னைவிடத் தாமதமாகவே புலப்படும். எல்.இ.டி.க்கென்றே வடிவமைக்கப்பட்டு, ஒப்புதல் பெற்ற முழு விளக்கு வேறு வகை. இக்குறை அதைச் சாராது.

நம்பிக்கை: மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும்.

உண்மை: பிரான்சு 1930களிலிருந்து 1993 வரை மஞ்சள் ஹெட்லைட்டைக் கட்டாயமாக்கியிருந்ததால் இந்நம்பிக்கைக்கு உலகளாவிய வயது உண்டு. ஆயினும் மார்கழி விடியலில் கொள்ளிடக் கரையில் கவியும் பனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால், அவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கின்றன. பனியில் உதவுவது நிறமன்று. பம்பருக்குக் கீழே தாழ்வாக அமைந்து, அகலமாகவும் தட்டையாகவும் விழும் ஒளிக்கற்றையே. கூரைமேல் பொருத்தும் லைட் பார் இதற்கு நேர்மாறாக, பனியையும் பானெட்டையும் ஒளிரச் செய்து ஓட்டுநரின் கண்ணையே கூசவைக்கும்.

நம்பிக்கை: விளக்கைச் சற்று மேலே தூக்கிவைத்தால் தூரம் தெரியும்.

உண்மை: தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்திலுள்ள விளக்கின் லோ பீம் ஒரு சதவீதம் சரிந்திருந்தால், அதன் மேல் எல்லை 90 மீட்டரில் சாலையைத் தொடும், சரிவே இல்லாவிட்டால் அது சாலையைத் தொடாமல் எதிரே வருபவரின் முகத்தை நோக்கியே செல்லும். பெரிய டயர் போட்டாலும், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் பாரத்தில் அமுங்கினாலும் ஒளி மேலேறிவிடும் என்பதால், அத்தகைய ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் விளக்கைத் திருப்பிவைக்க வேண்டும். சமதரையில் சுவருக்கு 10 மீட்டர் முன்பு வண்டியை நிறுத்தி, விளக்கின் மைய உயரத்தைச் சுவரில் குறித்து, லோ பீமின் மேல் எல்லை அக்குறிக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே விழுமாறு திருகாணிகளைச் சரிசெய்வது போதுமானது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106ஆம் விதியும் இதே நோக்கமுடையது: விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், அதன் வலப்புறம் 0.5 மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்திலுள்ள கண்ணைத் தாழ்த்திய ஒளி கூசவைக்கக் கூடாது என்கிறது அவ்விதி.

எனவே பழைய ஜீப்பின் வெளிச்சத்தை மீட்கும் பணிக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் மல்டிமீட்டரால் இழப்பை அளந்து, எர்த்தையும் பேட்டரி டெர்மினல்களையும் சுத்தம் செய்து, ஆல்டர்னேட்டர் ஓட்டத்தில் 13.5 வோல்ட்டுக்குக் குறையாமல் தருகிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின் ரிலேயும் புதிய ஒயரும், தேவையானால் இடப்பக்கச் சாலைக்குரிய டூமும், அதில் 60/55 வாட் பல்பும், இறுதியாகச் சுவர்க் குறியைக் கொண்டு திசை சரிசெய்தலும் வரும். இவை அனைத்தும் முடிந்த பிறகும் மலைப்பாதைக்கு ஒளி போதவில்லை என்றால் மட்டுமே கூடுதல் விளக்கைப் பற்றி எண்ணுவது பொருத்தம். அவ்விளக்குக்குத் தனி சுவிட்சும், நகரச் சாலையில் மூடிவைக்க உறையும் இருப்பது இன்றியமையாதது.