பார்க்காமல் வைக்கும் கையெழுத்து



இம்முறை நமது பாடம் ஆயுள் காப்புறுதியைப் பற்றியது. பாடுபட்டுக் கட்டிய பணம் கைநழுவிப் போவது எப்படி, அதைத் தடுப்பது எப்படி, ஏமாந்துவிட்டால் யாரிடம் சொல்வது என்று பார்ப்போம்.

ஓர் உதாரணம். சம்பள நாள். கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில் பைல் கட்டோடு ஒரு முகவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"அக்கா, மாசம் கொஞ்சம் கட்டினா போதும். நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா புள்ளைங்களுக்கு லட்சக்கணக்கா வரும். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க, மிச்சத்த நான் எழுதிக்கிறேன்."

"எனக்குச் சீனி வியாதி இருக்கே தம்பி, டிஸ்பென்சரியில மருந்து எடுக்கிறேன். அத எழுத வேணாமா?"

"அதெல்லாம் ஒண்ணும் வேணாங்கக்கா."

அக்கா கையெழுத்தை வைத்துவிட்டார். சில வருடத்தில் அவர் இறந்துபோனால், நோயை மறைத்ததாகச் சொல்லிப் பணம் தர நிறுவனம் மறுக்கலாம். எழுதியது முகவர்தான். ஆனால் அடியில் இருப்பது அக்காவின் கையெழுத்து. கஷ்டம் பிள்ளைகளுக்கு.

இரண்டாவது வழி, கட்டுப்பணத்தில் நடக்கும் மோசடி. மாதாமாதம் காசை வாங்குகிறவர் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்துவிட்டு, நிறுவனத்துக்குக் கட்டாமல் விட்டால் பாலிசி காலாவதியாகிவிடும். வீட்டாருக்கு அது தெரிய வருவது சாவு விழுந்த பிறகுதான்.

மூன்றாவது வழி, கடன். பாலிசி என்பது நகையைப் போல ஒரு சொத்து. உரிமையை இன்னொருவர் பேருக்கு எழுதிக் கொடுக்கலாம். அவசரத்துக்குக் கடன் கொடுப்பவர் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, வெற்றுப் படிவத்தில் கையெழுத்தும் கேட்டால், அது எந்தப் படிவம் என்று யாருக்குத் தெரியும்? சின்னக் கடனுக்காகப் பெரிய தொகையின் உரிமையே போய்விடலாம்.

இது நமது தோட்டங்களுக்கு மட்டும் வந்த வினை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பிறர் பாலிசிகளை விலைக்கு வாங்கும் வியாபாரமே உண்டு. சத்திர சிகிச்சைக்குக் காசில்லாத ஒருவர், தம் பாலிசியை 100 டொலருக்கு ஒரு வைத்தியருக்கு விற்றார். அவர் இறந்த பின் வழக்கு வந்தது. பாலிசியும் ஒரு சொத்துத்தான், விற்கலாம் என்று 1911இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்கியவர் கட்டுப்பணத்தைத் தொடர்ந்து கட்டி, விற்றவர் இறந்ததும் முழுத் தொகையையும் எடுத்துக்கொள்வார். இதுதான் வியாபாரம்.

இதிலும் மோசடி புகுந்தது. நோயாளிகளின் பாலிசிகளைக் காட்டி, ஏறக்குறைய 30,000 பேரிடம் 100 கோடி டொலருக்கு மேல் திரட்டிய புளோரிடா நிறுவனம் ஒன்றை 2004இல் அரசு முடக்கியது. நோயாளி இன்னும் எத்தனை காலம் உயிரோடு இருப்பார் என்பதை வைத்தியர் கணிக்கவில்லை, நிறுவனமே கணக்குப் போட்டு வைத்தியரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டது என்பது முக்கியமான குற்றச்சாட்டு. படித்தவர் ஆனாலும் பார்க்காமல் வைத்த கையெழுத்து ஆயிரக்கணக்கானோரைக் கவிழ்த்துவிட்டது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. வெற்றுப் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நோய் இருந்தால் இருக்கிறது என்றே எழுதச் சொல்லுங்கள். படிவத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள்.

2. பணத்தை நிறுவனத்தின் அலுவலகத்திலோ வங்கிக் கணக்கிலோ கட்டுங்கள். நிறுவனத்தின் பற்றுச்சீட்டு இல்லாமல் எவர் கையிலும் கொடுக்காதீர்கள்.

3. பத்திரம் கைக்கு வந்ததும் வாசித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் 21 நாட்களுக்குள் எழுத்தில் அறிவித்து நிறுத்திவிடலாம்.

4. காசு தேவைப்பட்டால் முதலில் நிறுவனத்திடமே கேளுங்கள். சில வருடம் கட்டிய பாலிசியின் மேல் பெரும்பாலும் அங்கேயே கடன் எடுக்கலாம். மூலப் பத்திரத்தை வெளியாருக்குக் கொடுக்காதீர்கள்.

ஏமாந்தது தெரிந்தால் வெட்கப்பட்டு மூடி வைக்க வேண்டாம். நீங்கள் பேசாமல் இருந்தால் அடுத்த லயத்திலும் அதே ஆள் கதவைத் தட்டுவார். திகதி, தொகை, ஆளின் பெயர் எல்லாவற்றையும் எழுதி, நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் முறைப்பாடு அனுப்புங்கள். பத்திரங்களின் பிரதிகளை மட்டும் இணையுங்கள். நியாயம் கிடைக்காவிட்டால் கொழும்பிலுள்ள இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காப்புறுதி நிறுவனங்களை மேற்பார்வை செய்வது அதுவே. காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும் போகலாம். கள்ளக் கையெழுத்து, பணக் கையாடல் என்றால் தாமதிக்காமல் பொலிஸ் நிலையத்துக்குப் போய் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தமிழிலேயே எழுதலாம். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழிதான். எழுதக் கஷ்டமானால் தொழிற்சங்கத் தலைவரையோ நலன்புரி உத்தியோகத்தரையோ கேளுங்கள்.

வீட்டில் செய்து பார்க்க: வருகிற ஞாயிற்றுக்கிழமை தகரப்பெட்டியைத் திறந்து பாலிசியை எடுங்கள். உங்கள் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கிறதா? உங்களுக்குப் பின் பணம் பெற வேண்டியவராக யார் பெயர் இருக்கிறது? கடைசிப் பற்றுச்சீட்டு எந்த மாதத்தது? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால், திங்கட்கிழமையே நிறுவனத்தைக் கேளுங்கள். பத்திரம் எங்கே இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.