மண்ணைக் காக்கும் கல்வி

திருவனந்தபுரம் மாவட்டத்தில், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் அமைந்தது பொன்முடி. மலையில் காடும் தேயிலையும். அடிவாரத்தில் இரப்பரும் மரவள்ளியும். ஆண்டுதோறும் இரு பருவமழைகள் பெய்யும் இச்சரிவுகளில், மூடாக்கற்ற நிலத்தின் மேல்மண் ஓடைகளில் கரைந்து சென்றுவிடும். இன்றைய விளைச்சலைப் பெருக்கும்போதே நாளைய மண்ணை இழவாதிருப்பது எங்ஙனம்? நிலைத்த வேளாண்மை அறிவியலின் அடிப்படை வினா இதுவே.

இவ்வினாவை வாழ்க்கைப் பணியாக ஏற்றவர்களுள் முதன்மையானவர் டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் (1925–2023). கும்பகோணத்தில் பிறந்த அவர், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் விலங்கியல் பயின்றார். 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம் அவரை வேளாண்மையின்பால் திருப்பியது. கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர் இந்தியப் போலீஸ் பணிக்குத் தேர்வு பெற்றும் அதனை ஏற்காது, 1949இல் யுனெஸ்கோ உதவியுடன் மரபியல் ஆய்வுக்காக நெதர்லாந்து சென்றார். பசுமைப் புரட்சி அரும்பிய 1968ஆம் ஆண்டிலேயே, மண்வளம் பேணாத தீவிர சாகுபடியும், கண்மூடித்தனமான பூச்சிமருந்துப் பயன்பாடும், வரைமுறையின்றி நிலத்தடி நீரை இறைத்தலும் பெருங்கேடு விளைக்கும் என வாரணாசி அறிவியல் மாநாட்டில் அவர் எச்சரித்தார்.

இத்துறையை நாடும் மாணவர்க்குப் பொன்முடி அமைந்த மாவட்டத்திலேயே வாய்ப்புகள் உள. 1955இல் தோன்றிய வெள்ளாயணி வேளாண்மைக் கல்லூரி இளநிலைக் கல்வி முதல் முனைவர் பட்டம் வரை வழங்குகிறது. சிரீகாரியத்தில் 1963இல் நிறுவப்பெற்ற மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் மரவள்ளி முதலிய பயிர்களை ஆராய்கிறது. நான்காண்டு இளநிலைப் படிப்பிற்குப் பின் மண்ணியல், உழவியல், பயிர்ப் பெருக்கவியல் போன்ற பிரிவுகளில் உயர்கல்வி பெறலாம். 1975இல் அமைந்த வேளாண் ஆராய்ச்சிப் பணி, மாநில வேளாண்மைத் துறை, வங்கிகள் ஆகியவற்றில் பட்டதாரிகளுக்கு இடமுண்டு.

எனினும், பட்டம் மட்டும் போதாது. மரவள்ளி முதற்சில மாதங்களில் நிலத்தை முழுதும் மூடுவதில்லை. சரிவிற்குக் குறுக்கே பார் அமைத்து, ஊடுபயிராகத் தட்டைப்பயறு விதைத்தால் மண்ணரிப்புக் குறையும்; தழைச்சத்தும் சேரும். ஆயினும், ஆய்வுக்களத்தில் வென்ற முறை, கூலிச்செலவு தாங்கவியலாத சிறு உழவரின் நிலத்தில் தோற்கக்கூடும். அச்செலவையும் கணக்கிட்டு, உழவருடன் நிலத்தில் நின்று தீர்வு காண்பவரே இத்துறைக்கு உரிய அறிவியலர். விளைச்சலை அளப்பதோடு, எஞ்சிய மண்ணையும் அளத்தல் அவர்தம் கடமையாகும்.